1582: பத்து நாள் இல்லாமல் போன ஆண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே 1582 அக்டோபருக்குப் போனால், சில கைபேசிகளில் 4ஆம் தேதிக்கு அடுத்த கட்டத்தில் 15 என்று இருக்கும். அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் யாராவது போடுவார்கள். கூடவே பாதி உண்மையும் பாதி கற்பனையுமாக ஒரு விளக்கமும் வரும். பதினாறாம் நூற்றாண்டில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு இது. அந்தப் பத்து நாளோடு நின்றுவிடாமல், அதே ஆண்டில் உலகின் மற்ற மூலைகளில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழு உருவம் தெரியும். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பத்து நாளும் உண்மையிலேயே வரவே இல்லையா?

நாள்கள் எங்கும் போகவில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது எண்கள்தான் தாண்டின. ரோம், ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற இடங்களில் 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை. மக்கள் படுத்துத் தூங்கி எழுந்தபோது வெள்ளிக்கிழமை. தேதி மட்டும் 15. கிழமை வரிசையில் ஒரு பிசகும் இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆவிலாவின் தெரேசா ஞாபகம் வருவார். ஸ்பெயின் நாட்டுத் துறவி, பல கார்மேல் மடங்களை நிறுவியவர். அல்பா தெ தோர்மெஸ் என்ற ஊரில் அக்டோபர் 4 இரவு இறந்தார். மறுநாளே அடக்கம் செய்தார்கள். அந்த மறுநாள் அக்டோபர் 15! கத்தோலிக்கத் திருச்சபையில் அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15தான்.

சரி, ஏன் சரியாகப் பத்து நாள்?

ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஜூலியன் நாட்காட்டி, ஓர் ஆண்டை 365 நாள் 6 மணி நேரம் என்று வைத்திருந்தது. நான்கு வருடத்துக்கு ஒரு லீப் வருடம், அவ்வளவுதான். ஆனால் பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர ஆகும் காலம் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. வருடத்துக்கு 11 நிமிடம் என்றால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

இது ஏன் தேவாலயத்துக்குத் தலைவலியானது என்றால், ஈஸ்டர். வசந்த காலத்தின் சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள், மார்ச் 21 என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வரும் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு என்றுதான் ஈஸ்டரைக் கணக்கிட்டார்கள். கி.பி. 325இல் கிறிஸ்தவ ஆயர்களின் மாநாடான நிசேயா சங்கம் கூடியபோது சம இரவு நாள் மார்ச் 21ஐ ஒட்டி இருந்தது. 1582க்குள் அது மார்ச் 11க்கு நழுவி வந்துவிட்டது. நாட்காட்டி ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம். அந்த இடைவெளிதான் பத்து நாள்.

வாட்டிகனில் 'காற்றுகளின் கோபுரம்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இஞ்ஞாசியோ தாந்தி என்ற துறவி, கணித அறிஞர், ஓர் அறையின் தரையில் பளிங்கில் ஒரு கோடு பதித்தார். சுவரில் உள்ள ஓவியத்தில் தெற்குக் காற்று ஒரு மனித உருவமாக ஊதிக்கொண்டிருக்கும். அதன் வாயில் சிறு துளை. நண்பகலில் அந்தத் துளை வழியாக வரும் வெயில் ஒரு காசளவு வட்டமாகத் தரையில் விழுந்து, கோட்டைக் கடக்கும். கோட்டில் அது எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தாலே சூரியன் ஆண்டின் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் கிரிகோரியை அங்கே அழைத்துப் போய், சம இரவு நாள் பத்து நாள் முன்பே வந்துவிடுவதைக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதி விளக்குவதைவிடத் தரையில் விழும் ஒரு வெளிச்சப் பொட்டு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது!

கணக்குப் போட்டது கிரிகோரியா?

இல்லை. அவர் ஆணையிட்டவர். 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட அவருடைய ஆணைதான் மாற்றத்தைக் கொண்டுவந்தது. கணக்கின் மூளை, தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவர். பாவம், அவர் 1576இலேயே இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியை ரோமில் குழுவின் முன் கொண்டுபோய் வைத்தவர் அவருடைய சகோதரர் அந்தோனியோ. அதைச் சரிபார்த்து, பின்னாளில் எதிர்ப்பாளர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர் கிறிஸ்தோபர் கிளாவியஸ் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சீனாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

லிலியஸ் கண்ட வழி மிக எளிமையானது. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம். அதனால் 1600 லீப் வருடம். 1700, 1800, 1900 இல்லை. 2000 லீப் வருடம். நானூறு ஆண்டில் மூன்றே மூன்று நாளைக் குறைத்ததில், 11 நிமிடப் பிழை அரை நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பத்து நாளைக் கழிக்க அவர் இரண்டு வழி சொல்லியிருந்தார். நாற்பது ஆண்டுக்கு லீப் நாளே இல்லாமல் மெல்ல மெல்லக் கழிப்பது ஒன்று. ஒரே வெட்டாக வெட்டுவது இன்னொன்று. வெட்டே நல்லது என்று முடிவானது.

ஏன் அக்டோபரில்?

திருநாள்கள் குறைவான மாதம். அக்டோபர் 4 அசிசி பிரான்சிஸ் திருநாள், அதைக் கொண்டாடிவிட்டு மறுநாளிலிருந்து தாண்டினார்கள்.

வாடகை, கடன் தவணை எல்லாம் என்ன ஆயிற்று?

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. மாத வாடகைக்காரனிடம் இருபத்தொரு நாளுக்கு முழு வாடகை கேட்டால் சும்மா இருப்பானா? ஆணையை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ செலுத்த வேண்டியதில் யாருக்கும் நட்டம் வரக்கூடாது, தகராறு வந்தால் நீதிபதிகள் கெடுவின் முடிவில் பத்து நாள் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதி வைத்தார்கள். வானியலும் மதமும் பேசும் ஓர் ஆவணத்தில் இந்த வரிகளையும் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

எல்லா நாடும் உடனே ஏற்றுக்கொண்டதா?

எங்கே! இத்தாலியின் பெரும்பகுதி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து-லிதுவேனியா ஆகியவை உடனே மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பர் 9க்கு மறுநாளை 20 என்று எழுதியது. ஆனால் சீர்திருத்தக் கிறிஸ்தவ (புராட்டஸ்டன்ட்) நாடுகளுக்கு இது ரோமின் கட்டளை. 'சூரியன் சொன்னாலும் போப் சொல்லிக் கேட்பதா' என்ற மனநிலை. இரு சபையினரும் சேர்ந்து வாழ்ந்த ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இந்தச் சண்டை முற்றி, 1584இல் கலவரமே வந்தது.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்தின் அவையறிஞர் ஜான் டீ, மாற்றம் வேண்டும் என்று 1583இல் எழுதிக் கொடுத்தார். ஆயர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1752இல்தான் பிரிட்டன் மாறியது. அதற்குள் வித்தியாசம் 11 நாள் ஆகிவிட்டதால் செப்டம்பர் 2க்கு அடுத்து 14 வந்தது. ரஷ்யா 1918 வரை பொறுத்தது. ரஷ்ய 'அக்டோபர் புரட்சி'யின் ஆண்டு விழா நவம்பரில் வந்ததற்கு இதுதான் காரணம்.

இது நம் ஊரை எப்போதாவது தொட்டதா?

தொட்டது, ஆனால் வெள்ளைக்காரர்களின் கணக்குப் புத்தகங்கள் வழியாக. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாட்காட்டியில்தான் எழுதினார்கள். சில கிலோமீட்டர் தள்ளிச் சாந்தோமில் போர்த்துகீசியருக்குப் புதிய நாட்காட்டி. ஒரே கடற்கரை, ஒரே நாள், இரண்டு தேதி. போதாக்குறைக்கு ஆங்கிலேயர்களின் ஆண்டும் மார்ச் 25இல்தான் தொடங்கியது. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள கோட்டைப் பதிவுகளில் 1686/87 என்பதுபோல் இரட்டை ஆண்டு போட்டிருக்கும்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்களே, அந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி பார்த்தால் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார். அந்தக் கவனத்துக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது.

தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் பத்து நாள் போயிற்றா?

போகவில்லை. 1582 சித்திரையில் தொடங்கிய ஆண்டுக்குச் சித்திரபானு என்று பெயர். அந்த ஆண்டு ஒரு நாளும் குறையாமல் தன் போக்கில் ஓடியது.

நம் சித்திரை முதல் நாள், சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்து வருகிறது. அந்த ராசிச் சுற்றின் நீளம் கிரிகோரியன் ஆண்டைவிடச் சுமார் 23 நிமிடம் அதிகம். ஆகவே அறுபது ஆண்டு சொச்சத்துக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் சித்திரை முதல் நாள் ஆங்கிலத் தேதியில் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்று ஏப்ரல் 14 என்றால், 1582இல் புதிய கணக்குப்படி ஏப்ரல் 7 வாக்கிலும், அப்போது புழக்கத்தில் இருந்த பழைய கணக்குப்படி மார்ச் 28 வாக்கிலும் வந்திருக்கும்.

பழைய கணக்கா, புதிய கணக்கா என்ற விவாதம் நமக்கும் புதிதில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதத்தையும் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும். 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரியில் வந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ டிசம்பர் 20இல்தான் விழா. அந்த வருடம் 'உண்மையான பெயர்ச்சி எது?' என்று கேட்காத ஆள் இல்லை. ஆக்ஸ்பர்க்காரர்களின் நிலைமையைப் புரிந்துகொள்ள நமக்கு இது ஒன்றே போதும்.

கிரிகோரி புத்தாண்டை ஏப்ரலிலிருந்து ஜனவரிக்கு மாற்றியதால்தான் முட்டாள்கள் தினம் வந்ததாமே?

ஏப்ரல் மாதம் பிறந்தாலே இது வந்துவிடும். சித்திரைப் புத்தாண்டைக் கேலி செய்யத்தான் அந்த நாளை உண்டாக்கினார்கள் என்று ஒரு வாலும் சேர்ந்து வரும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். 1582 ஆணையின் நோக்கம் சம இரவு நாளையும் ஈஸ்டரையும் சரிசெய்வது. பிரான்சில் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்க வேண்டும் என்று அரசர் ஆணையிட்டது 1564இல், கிரிகோரி திருத்தந்தை ஆவதற்கே முன்னால். ஏப்ரல் 1 அன்று வேலையாளை வெட்டியாக அலையவிட்டு ஏமாற்றும் வழக்கமோ 1561இலேயே ஒரு பிளெமிஷ் கவிதையில் பதிவாகியிருக்கிறது. நம் சித்திரைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அதே ஆண்டில் உலகில் நடந்த மிகப் பெரிய நிகழ்வு எது?

என்னைக் கேட்டால் ஜப்பானில் நடந்தது. ஒதா நொபுனாகா, சிதறிக் கிடந்த ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவரும் வேலையை ஏறக்குறைய முடித்திருந்தார். ஜூன் 21 விடியற்காலை, கியோட்டோவில் ஹொன்னோஜி என்ற கோயிலில் சிறு பரிவாரத்தோடு தங்கியிருந்தார். மேற்கே போருக்குப் போக வேண்டிய அவருடைய சொந்தத் தளபதி அகெச்சி மித்சுஹிதே, சுமார் 13,000 வீரர்களைத் திருப்பிக்கொண்டு வந்து கோயிலைச் சூழ்ந்தார். கட்டடம் எரிந்தது, நொபுனாகா உள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார். உடல் கிடைக்கவில்லை. மூத்த மகன் நொபுதாதாவும் அன்றே இறந்தார். மித்சுஹிதே ஏன் இதைச் செய்தார் என்று ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அப்போது இன்னொரு தளபதி ஹிதெயோஷி, தகாமட்சு என்ற கோட்டையைச் சுற்றிக் கரை எழுப்பி, ஆற்றைத் திருப்பிவிட்டு, கோட்டையை வெள்ளத்தில் மூழ்கடித்து முற்றுகையிட்டிருந்தார். செய்தி வந்ததும் அதை வெளியே விடாமல் எதிரியோடு சமாதானம் பேசினார். கோட்டைத் தலைவர் ஷிமிஸு முனேஹாரு, அந்த வெள்ளத்தின் நடுவே படகில் வந்து, உடன்பாட்டின்படி தன் வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். ஹிதெயோஷி சுமார் 200 கிலோமீட்டரை விரட்டிக் கடந்தார். ஹொன்னோஜி எரிந்து பதினோராம் நாளில் யாமாசாகியில் மித்சுஹிதேயின் படையை நொறுக்கினார். ஜப்பானை ஒன்றாக்கியவர் கடைசியில் அவர்தான்.

அப்புறம், இங்கேயும் ஒரு நாட்காட்டிச் சண்டை! அந்த ஆண்டு, சந்திரக் கணக்கைப் பருவத்தோடு பொருத்தக் கூடுதலாகச் சேர்க்கும் 'அதிக மாதம்' எங்கே வரும் என்பதில் கிழக்கு ஜப்பானில் புழங்கிய நாட்காட்டியும் கியோட்டோ அரசவையின் நாட்காட்டியும் முரண்பட்டன. கிழக்குக் கணக்கை ஏற்கச் சொல்லி நொபுனாகா அரசவையை நெருக்கினார். இறப்பதற்கு முந்தைய நாள் தன்னைப் பார்க்க வந்த பிரபுக்களிடமும் இதையே பேசினார். ரோமில் ஆணை வந்த அதே ஆண்டு, உலகின் மறுகோடியில், ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு ஆட்சியாளர்கள் நாள்களைச் சரிசெய்யப் போராடியிருக்கிறார்கள். இந்த ஆண்டின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

கிரிகோரிக்கு ஜப்பானைப் பற்றித் தெரியுமா?

தெரிந்துகொண்டார். 1582 பிப்ரவரியில் நாகசாகியிலிருந்து நான்கு சிறுவர்கள் கப்பல் ஏறினார்கள்: இதோ மான்சியோ, சிஜிவா மிகேல், நாகாவுரா ஜூலியன், ஹாரா மார்ட்டின். கியூஷு தீவின் கிறிஸ்தவப் பிரபுக்களின் தூதர்கள். மக்காவ், மலாக்கா, கொச்சி, கோவா என்று சுற்றி, மூன்று ஆண்டு கழித்து, 1585 மார்ச்சில் ரோமில் கிரிகோரியைச் சந்தித்தார்கள். அடுத்த மாதமே அந்த முதியவர் இறந்துவிட்டார். சிறுவர்கள் 1590இல் இளைஞர்களாக ஊர் திரும்பியபோது அவர்களோடு ஓர் அச்சு இயந்திரமும் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது.

சீனாவில்?

இரண்டு நிகழ்வு. பேரரசின் நிதியைத் தூக்கி நிறுத்திய முதன்மை அமைச்சர் சாங் சூசெங் அந்தக் கோடையில் இறந்தார். இரண்டே ஆண்டில் வான்லி பேரரசர் அவருடைய குடும்பச் சொத்தைப் பறித்துக்கொண்டார். ஆகஸ்டில் மத்தேயோ ரிச்சி மக்காவில் வந்து இறங்கினார். அதற்கு முன் கோவாவிலும் கொச்சியிலும் இருந்தவர். ரோமில் அவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் கிளாவியஸ்தான். ஆசிரியர் ரோமில் நாட்காட்டியைத் திருத்திய ஆண்டில் மாணவர் சீன வாசலில் நின்றார். பின்னாளில் சீன நாட்காட்டியைத் திருத்தும் பணியில் இயேசு சபையினர் இறங்கியதற்கு விதை அங்கே இருக்கிறது.

அக்பர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஃபதேபூர் சிக்ரியில் எல்லாச் சமயத்தாரையும் உட்கார வைத்து விவாதம் கேட்டுக்கொண்டிருந்தார். தீன் இலாஹி என்று பின்னர் பெயர் பெற்ற அவருடைய கொள்கை உருவானதும், மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் சொன்னதும், தோடர்மால் திவானாக உயர்ந்ததும் இந்த ஆண்டில்தான். 1584இல் அவரும் ஒரு புதிய நாட்காட்டியைக் கொண்டுவந்தார். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது, சுமார் 354 நாள். பயிரோ வெயிலைப் பார்த்து விளைவது. வரி கேட்கும் தேதி அறுவடையைவிட்டு நகர்ந்துகொண்டே போனால் குடியானவன் என்ன செய்வான்? பதேவுல்லா ஷிராசி என்ற அறிஞரை வைத்து, சூரிய ஆண்டில் அமைந்த இலாஹி ஆண்டுமுறையை அக்பர் ஏற்படுத்தினார்.

இஸ்தான்புல்?

சுல்தான் மூன்றாம் முராத், மகன் மெஹ்மதின் சுன்னத்துக்காக ஐம்பது நாளுக்கும் மேல் விழா எடுத்தார். ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் ஊர்வலம் வந்தது. கண்ணாடி ஊதுகிறவர்கள் உலையையே வண்டியில் ஏற்றி, சுல்தான் முன்னால் ஊதிக் காட்டினார்கள். நக்காஷ் ஒஸ்மானும் அவருடைய ஓவியர்களும் அதை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே சுல்தான்தான் தகியுத்தீனின் அருமையான வானாய்வகத்தை 1580இல் இடித்துத் தள்ளினார். அந்த இழப்பை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ரஷ்யா, போர்ச்சுகல்?

சுருக்கமாக. ஜனவரியில் ரஷ்யாவும் போலந்தும் யாம் சபோல்ஸ்கி என்ற இடத்தில் போரை நிறுத்தின. நடுவராக இருந்த அந்தோனியோ பொசெவினோவை அனுப்பியவரும் கிரிகோரிதான். யெர்மாக் என்ற தலைவரின் கொசாக் வீரர்கள் சைபீரியக் கான் குச்சுமை வென்றதும் இந்தச் சமயத்தில். ஜூலையில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஸ்பானியக் கடற்படை, போர்ச்சுகல் அரியணைக்கு உரிமை கோரிய அந்தோனியோவின் பிரெஞ்சு ஆதரவுக் கப்பல்களை முறியடித்தது. 1580இல் போர்ச்சுகல் கிரீடம் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பிடம் போயிருந்ததால், முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் இருந்த போர்த்துகீசியரும் அப்போது அவருடைய குடிகள்தான்.

பழைய தேதியைப் புதிய தேதியாக எப்படி மாற்றுவது?

1582 அக்டோபர் முதல் 1700 பிப்ரவரி வரை ஜூலியன் தேதியோடு 10 கூட்டுங்கள். அதன் பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, இப்போது 13. சில கிழக்குச் சபைகள் ஜனவரி 7இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது இந்த 13ஆல்தான். 1582 அக்டோபருக்கு முந்தைய நிகழ்வுகளை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஜூலியனிலேயே விட்டுவிடும். மேலே ஹொன்னோஜிக்குக் கொடுத்த ஜூன் 21 என்ற தேதியும் அப்படித்தான். புதிய கணக்கில் அந்த விடியற்காலை ஜூலை 1.